மார்த்தாண்டத்தில் மெத்தனால் வாங்குவது: ஒரு வேதிப்பொருள் கடையின் நிறையும் குறையும்

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்கு வேண்டிய கரைப்பான்களை நான்கு ஆண்டுகளாக மார்த்தாண்டத்தில் உள்ள ஒரே கடையில்தான் வாங்கி வருகிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்ல வேண்டியது சில உண்டு. தவிர, அந்த அண்ணாச்சியின் முகத்தில் நான் இன்னும் பலமுறை விழிக்க வேண்டியிருக்கிறது. கடையின் முன்பக்கம் முழுவதும் ரப்பர் தோட்டக்காரர்களுக்கான சரக்கு: ஃபார்மிக் அமிலக் கேன்கள், அமோனியா, ஷீட் உறைய வைக்கும் அலுமினியத் தட்டுகள். குலசேகரத்திலிருந்தும் அருமனையிலிருந்தும் ஜீப்பில் வருகிறவர்கள் வாங்கிப் போவது அவற்றைத்தான். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கான அலமாரிகள் உள்ளறையில், வெயில் படாத சுவரோரம் இருக்கின்றன. இந்த மதிப்புரை அந்த உள்ளறையைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, அங்கே நான் அதிகம் வாங்குகிற மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலைப் பற்றியது.

முதலில் சரக்கின் தரம். ஏ.ஆர். எனப்படும் பகுப்பாய்வுத் தரத்து மெத்தனால் 2.5 லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்களில், பெட்டிக்கு நான்காக வருகிறது. மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, தொகுதி எண் பெட்டியிலும் பாட்டிலிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவேன். அத்துடன் நிறுத்தாமல், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பாட்டிலைத் திறந்து 25 மில்லிலிட்டர் அடர்த்திக் குப்பியில் நிரப்பி எடை பார்ப்பது என் வழக்கம். மெத்தனாலின் அடர்த்தி 20 பாகை செல்சியஸில் மில்லிலிட்டருக்கு 0.791 கிராம், எங்கள் ஆய்வகத்தின் வழக்கமான 30 பாகையில் அது 0.782 ஆகக் குறையும். ஐந்து சதவீதம் தண்ணீர் கலந்திருந்தாலே இந்த எண் 0.795-க்கு அருகில் போய்விடும் என்பதால், விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லாமல், ஒரு குப்பியும் தராசும் கொண்டே பெரிய கலப்படத்தைப் பிடித்துவிடலாம். உற்பத்தியாளரின் முத்திரையோடு வந்த பாட்டில் எதுவும் இந்தச் சோதனையில் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. முத்திரை இல்லாமல் வந்த ஒன்று ஏமாற்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவு மெத்தனால் எதற்கு என்று கல்லூரி அலுவலகத்திலும் கேட்கிறார்கள். இந்த மாவட்டத்தில் வேதியியலும் தாவரவியலும் ஆய்வு செய்கிற மாணவர்களில் பாதிப் பேராவது மருந்துவாழ்மலையிலிருந்து ஓர் இலையையோ முட்டம் கடற்கரையிலிருந்து ஒரு கடற்பாசியையோ கொண்டுவந்து, உலர்த்திப் பொடித்து, கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சாறெடுக்கும் சாக்ஸ்லெட் கருவியில் போட்டு மெத்தனாலில் வடித்தெடுக்கிறவர்கள். மெத்தனால் 64.7 பாகையில் கொதித்துவிடுகிறது. ஃபீனால் சேர்மங்களையும் பல ஆல்கலாய்டுகளையும் நன்றாக இழுக்கிறது. வேலை முடிந்ததும் மெதுவான சூட்டிலேயே ஆவியாகிச் சாற்றைத் தனியே விட்டுவிடுகிறது. தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், அதே சமயம் குளோரோஃபார்மோடும் சேரும் என்பதால் மென்படலப் பிரிகையில் (டி.எல்.சி.), பொருள்களைத் தட்டில் நகர்த்திப் பிரிக்கும் ஓட்டுநீர்மத்தை வேண்டியபடி திருத்திக்கொள்ளவும் அதுவே உதவுகிறது. குளோரோஃபார்மும் மெத்தனாலும் ஒன்பதுக்கு ஒன்று என்று கலந்த ஜாடி எங்கள் புகைப்போக்கிப் பேழைக்குள் இல்லாத நாளே கிடையாது. அந்தக் கலவையில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வலுவான காரம் பட்டால் வெப்பம் கட்டுக்கடங்காமல் எழும் என்பதால், அதன் கழிவுக்குத் தனிக் கேன் வைத்திருக்கிறோம்.

கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் கண்டறியும் எச்.பி.எல்.சி. கருவிக்கான தரம் வேறு, விலையும் வேறு. ஏ.ஆர். தரம் 99.8 சதவீதத் தூய்மை என்றால் எச்.பி.எல்.சி. தரம் 99.9 என்று பாட்டிலில் போட்டிருக்கும், அந்த 0.1 வித்தியாசத்துக்கா இவ்வளவு விலை என்று புதிய ஆய்வு மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். வித்தியாசம் இருப்பது அந்தப் புள்ளியில் அல்ல. மெத்தனால் ஏறத்தாழ 205 நானோமீட்டருக்குக் கீழே தானே புற ஊதாக் கதிரை உறிஞ்சத் தொடங்கும். அதற்கு மேலுள்ள பகுதி தெளிவாக இருந்தால்தான் கண்டறியும் கருவி நம் பொருளைப் பார்க்க முடியும். சாதாரணத் தரத்தில் உள்ள மிகச் சிறிய மாசுகள் அந்தப் பகுதியில் நுழைந்து, இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டும். கடைக்காரர் இந்த வேறுபாடு தெரிந்தவர். கருவிக்கு என்று சொன்னால் மலிவானதை எடுத்து நீட்டுவதில்லை. தண்ணீரும் மெத்தனாலும் கலந்தால் சூடேறி, கரைந்திருந்த காற்று குமிழாக வெளிவரும், ஆகவே கலந்தவுடன் பம்பில் விடாமல் காற்று நீக்கிய பிறகே விடவேண்டும் என்று என் மாணவர் ஒருவருக்கு அவர் சொல்லி அனுப்பியதைக் கேட்டபோது, நான் வகுப்பில் மறந்த பாடத்தை அவர் எடுத்துவிட்டாரே என்று சற்றுக் கூச்சமாக இருந்தது.

இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் கேட்கும் கேள்விகள். முதல் முறை நான் போனபோது, "காலேஜ் லெட்டர் உண்டுமா சார்? லைசன்ஸ் காப்பி கொண்டு வந்தியளா?" என்றார். அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். "அப்போ சரக்கும் அடுத்த வாரம் எடுத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு ரப்பர் ஆசிட் வாங்க வந்தவர் பக்கம் திரும்பிவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை; தக்கலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தேன். ஆனால் தமிழ்நாட்டில் மெத்தனாலை விற்பதற்கும் இருப்பு வைப்பதற்கும் மதுவிலக்கு ஆயத்தீர்வை விதிகளின்படி உரிமம் வேண்டும்; யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்தவை வெறும் சாராயச் சாவுகள் அல்ல. ஆலைக்கும் ஆய்வகத்துக்கும் போகவேண்டிய மெத்தனால் வழிமாறிக் குடிக்கிறவர் கைக்குப் போனதால் வந்த சாவுகள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்திகளுக்குப் பிறகு கடைக்குப் போனபோது பதிவேடு புதிதாகத் தைத்த நோட்டாக மாறியிருந்தது. கையெழுத்தோடு கைப்பேசி எண்ணும் கேட்டார். மலிவு என்று கண்ட இடத்தில் வாங்கலாம் என்போருக்கு நான் சொல்லும் பதில், அந்த நோட்டுக்கும் சேர்த்துத்தான் கூடுதல் விலை கொடுக்கிறேன் என்பதே.

கடையின் முன்பக்கச் சரக்குக்கும் இந்த நஞ்சுக்கும் உள்ள உறவை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு ஒரு நொடி அமைதியாகிவிடும். மெத்தனால் மெத்தனாலாகவே உடலில் இருக்கும்வரை ஏறத்தாழ சாதாரண ஆல்கஹால் போல மயக்கத்தைத்தான் தரும். கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜினேஸ் என்ற நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், இன்னொரு நொதி அதையும் விரைவாக ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அதாவது, நம் ஊரில் ரப்பர் பாலை உறைய வைக்கத் தட்டில் ஊற்றுகிற அதே அமிலம் உடலுக்குள் உண்டாகிறது. அது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதன் கடைசிப் படியைத் தடுக்கிறது. அந்தத் தடையை முதலில் தாங்க முடியாமல் போவது கண் நரம்பு. இந்த மாற்றம் மெதுவாக நடப்பதால் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம்வரை பெரிய அறிகுறி தெரியாமல் போகலாம். குடித்தவர் தூங்கி எழுந்து, பார்வை மங்குகிறது, பனி மூட்டம்போல் இருக்கிறது என்பார். 10 மில்லிலிட்டர் அளவே பார்வையைப் பறித்திருக்கிறது. 30 மில்லிலிட்டர் உயிரையே பறிக்கக்கூடும். மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மருந்து அல்லது கணக்கிட்ட அளவு எத்தனால் (சாதாரண ஆல்கஹால்) கொடுத்து அந்த நொதியை வேறு வேலையில் மாட்டிவைப்பதும், ரத்தத்தைச் சுத்திகரிப்பதும்தான் சிகிச்சை. ஆகவே ஆய்வகத்தில் யாராவது வாயால் பிப்பெட் இழுத்து விழுங்கிவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த அலமாரிகளைப் பார்த்தால் மெத்தனால் ஒரு பெரிய குடும்பத்தின் தலைவர் என்பதும் புரியும். ஃபார்மிக் அமிலத்தைப் பெருமளவில் செய்வதே மெத்தனாலைக் கார்பன் மோனாக்சைடோடு சேர்த்து மெத்தில் ஃபார்மேட்டாக்கி, அதைத் தண்ணீரால் பிளப்பதன் மூலம்தான். விலங்கியல் துறையில் மாதிரிகள் கெடாமலிருக்க நான் வாங்கும் பார்மலின் (ஃபார்மால்டிஹைடுக் கரைசல்), மெத்தனாலை வெள்ளி அல்லது இரும்பு-மாலிப்டினம் வினையூக்கியின் மேல் ஆக்சிஜனேற்றிப் பெறுவது. அது கெட்டியாகிவிடாமலிருக்கச் சிறிதளவு மெத்தனாலையே அதில் விட்டுவைப்பார்கள். பிளைவுட் பசை, அசெட்டிக் அமிலம், பயோடீசல் என்று பட்டியல் நீளும். அந்த மெத்தனாலோ, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைத் தாமிரம்-துத்தநாக ஆக்சைடு வினையூக்கியின் மேல் 50 முதல் 100 வளிமண்டல அழுத்தத்தில் செலுத்திப் பெறுவது. ஒரு காலத்தில் விறகைக் காய்ச்சி வடித்த திரவத்திலிருந்து எடுத்ததால்தான் அதற்கு மரச்சாராயம் என்ற பழைய பெயர்.

பெயர் என்றதும் முதல் குறைக்கு வருகிறேன். கடையின் பில்லில் மெத்தனால் என்று எழுதுவதில்லை, "மெ. ஸ்பிரிட்" என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் ஸ்பிரிட் என்ற ஒரே சொல் எத்தனை பொருளைச் சுமக்கிறது! ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் துடைப்பது ஸ்பிரிட். தச்சர் அரக்கைக் கரைத்து பிரெஞ்ச் பாலிஷ் செய்வது ஸ்பிரிட். மாணவர் விளக்கில் ஊற்றுவது ஸ்பிரிட். சாராயம் காய்ச்சுகிறவர் தேடுவதும் ஸ்பிரிட். இவற்றில் சில எத்தனால், சில மெத்தனால் கலந்த எத்தனால். கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. மணத்திலும் பழகாதவருக்கு வேறுபாடு தெரியாது. குடித்தால் கண் போகும் ஒன்றுக்கும், மருந்துப் பெட்டியில் இருக்கும் ஒன்றுக்கும் ஒரே பெயர் போடும் பில் எனக்கு ஏற்புடையதல்ல. மூன்று முறை சொன்னேன். "எல்லாருக்கும் அப்படித்தானே சார் தெரியும்" என்றார். அதனால்தான் அண்ணாச்சி, கூடாது என்றேன்.

இரண்டாவது குறை, முன்னரே குறிப்பிட்ட ஏமாற்றம். கண்ணாடி துடைப்பதற்கும் குடுவை கழுவுவதற்கும் தரம் குறைந்த மெத்தனால் போதும் என்று சென்ற ஆண்டு ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று கேட்டேன். பெரிய டிரம்மிலிருந்து ஊற்றி நிரப்பியது. காகிதத்தில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். வழியில் மழை பட்டதால் மை கலைந்து, ஆய்வகத்துக்கு வந்தபோது முதல் எழுத்தான "மெ" மட்டும்தான் மிச்சம். அடர்த்தி 0.80-ஐ நெருங்கியது, தண்ணீர் ஏறியிருந்தது. டிரம்மைத் திறந்து திறந்து மூடினால் நம் இரட்டைப் பருவமழைக் காற்றின் ஈரத்தை அது குடிக்கும் என்பதால், இதை வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. எத்தனால் ஏதும் கலந்திருக்குமோ என்ற ஐயத்துக்கு, முதுகலை மாணவி ஒருவர் அயோடோஃபார்ம் சோதனை செய்து காட்டினார். எத்தனால் இருந்தால் மஞ்சள் படிவும் பழைய ஆஸ்பத்திரி வாசனையும் வரும். மெத்தனால் அந்தச் சோதனைக்கு மசியாது. சோதனைக் குழாய் தெளிவாகவே நின்றது. கேனைத் திருப்பிக் கொடுத்தபோது மறுபேச்சில்லாமல் பணத்தைக் கழித்துக்கொடுத்தார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆயினும் அதன் பிறகு இந்தக் கடையில் பிரித்து ஊற்றிய சரக்கை நான் வாங்குவதில்லை. வாங்க வேண்டாம் என்றே மற்றவர்களுக்கும் சொல்வேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஜோடி கையுறை இலவசம். மெல்லிய லேடெக்ஸ் கையுறை, ஒருவேளை இந்த மாவட்டத்துப் பாலிலேயே செய்ததாகவும் இருக்கலாம். மெத்தனாலுக்கு அது கிட்டத்தட்டப் பயனற்றது. இயற்கை ரப்பரின் மெல்லிய படலத்தை மெத்தனால் சில நிமிடங்களில் கடந்து தோலுக்கு வந்துவிடும். நீல நிற மெல்லிய நைட்ரைல் கையுறையும் இதில் பெரிதாக மேலானதல்ல. தோல் வழியாகவும் இந்த நஞ்சு உடலுக்குள் போகும் என்பதை மறந்துவிட்டு, கையுறை போட்ட துணிச்சலில் நனைந்த துணியைப் பிழிகிற மாணவரைவிட, கையுறையே போடாமல் எச்சரிக்கையாக இருப்பவர் மேல். ஊற்றிக் கையாளும் வேலைக்குப் பியூட்டைல் ரப்பர் கையுறைதான் சரி. அது கடையில் இருப்பில் இல்லை, சொன்னால் பத்து நாளில் வரவழைத்துத் தருகிறார். விலை கை சுடும், ஆனால் ஒரு ஜோடி நெடுநாள் உழைக்கிறது.

கொண்டுவந்து இறக்கும் விதம்தான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. ஒரு முறை ஆட்டோவில், ரப்பர் ஆசிட் கேன்களுக்கு இடையில் நம் பெட்டியும் வந்தது. ஓட்டுநர் பீடி பற்றவைத்தபடியே பெட்டியை வாசலில் வைத்தார். ஒரு மூடி சற்றுத் தளர்ந்து அட்டை நனைந்திருந்தது. மெத்தனாலின் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் குறைந்த வெப்பநிலை, ஏறத்தாழ 11 பாகை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையோரச் சமவெளியில் அவ்வளவு குளிர் என்றுமே வருவதில்லை, ஆகவே சிந்திய மெத்தனால் இங்கே எப்போதும் தீக்குத் தயாராகவே இருக்கிறது. காற்றில் 6 முதல் 36 சதவீதம்வரை அதன் ஆவி எரியும். பெட்ரோல் கேனுக்குள் ஆவி அளவு மிஞ்சிப் போவதால் உள்ளே தீப்பிடிக்கக் காற்று போதாமல் இருக்கும்; பாதி காலியான மெத்தனால் கேனுக்குள் நம் ஊர் வெப்பத்தில் இருக்கும் கலவையோ சரியாக எரியும் எல்லைக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. எரிந்தாலும் புகையில்லை, வெளிர்நீலச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, கை வைத்தால்தான் தெரியும். உப்புகளின் மேல் மெத்தனாலை ஊற்றி வண்ணச் சுடர் காட்டும் வகுப்புச் சோதனையில், அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலிலிருந்து மீண்டும் ஊற்ற, தீ பாட்டிலுக்குள் ஏறி எதிரே இருந்த மாணவர்மேல் பீய்ச்சிய விபத்துகள் அமெரிக்காவில் பல நடந்து, அந்நாட்டின் வேதிப்பாதுகாப்பு வாரியமே 2013-இல் ஆசிரியர்களை எச்சரித்தது. நாங்கள் அந்தச் சோதனையைக் கைவிட்டு, உப்புக் கரைசலில் ஊறிய மரக்குச்சியைப் புன்சன் சுடரில் காட்டுகிறோம். நிறம் அதே நிறம்தான். பீடிச் சம்பவத்தைக் கடைக்காரரிடம் கடுமையாகவே சொன்னேன். இப்போது வேறு ஓட்டுநர் வருகிறார். ஆசிட் கேன்களோடு சேர்த்து ஏற்றுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

காலிப் பாட்டில்களை அவர் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. கேட்பதற்குச் சிறிய விஷயம்போல் இருக்கும். ஆனால் மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர்போன ஊர். அகன்ற பிடியும் பழுப்பு நிறமும் கொண்ட 2.5 லிட்டர் பாட்டிலைப் பழைய பொருள் வாங்குபவர் எடுத்துப்போனால் அது எங்கே போய் எதைச் சுமக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே மூன்று முறை கழுவி, லேபிளைச் சுரண்டி, சாக்கில் சுற்றி உடைத்தபிறகே வெளியே அனுப்புகிறோம். கடை திரும்ப எடுத்துக்கொண்டால் இந்த வேலை மிச்சம்.

விலை, இணையத்தில் விற்பவர்களைவிடச் சற்றுக் கூடுதல். சொன்ன நாளில் வரும். பாதுகாப்புத் தரவுத்தாள் கேட்டால் உடனே அச்சிட்டுத் தருவார், ஆங்கிலத்தில் மட்டும். முத்திரையிட்ட பாட்டில்களுக்கு இந்தக் கடையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கையுறைக்கும் பிரித்து ஊற்றிய கேனுக்கும் இல்லை.

இந்த ஜூன் மாதம் வந்த பெட்டியில் ஒரு மாற்றம். நான்கு பாட்டில்களிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, பெரிய எழுத்தில், அழியாத மார்க்கரால், "மெத்தனால். ஸ்பிரிட் அல்ல. குடித்தால் கண் போகும், உயிர் போகும்" என்று எழுதியிருந்தது. கடைக்காரரின் மகள் எழுதியதாம், பிளஸ் டூ படிக்கிறாள். பில்லிலும் முதல் முறையாக மெத்தனால் என்றே இருந்தது. மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடப் போனபோதுதான் கவனித்தேன்: அந்தத் தாளை நான்கு பாட்டில்களிலும் தொகுதி எண்ணின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். வெந்நீரில் நனைத்து மெல்ல உரித்து, எண்ணைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அதே தாளை ஓர் அங்குலம் கீழே மீண்டும் ஒட்டி வைத்தேன்.